டயர் வாங்குவதற்கு முன்னால், மாப்பிள்ளை

அரிமளம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அக்காவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள். உன்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள், உன் வண்டியைப் பற்றி நான் கவலைப்படுகிறேன்.

நாலு படம் அனுப்பி, "எந்தக் கம்பெனி டயர் வாங்கலாம் மாமா?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும், பொறுத்துக்கொள்.

மூன்று படங்களில் டயர் நேற்று வாங்கியது மாதிரி இருக்கிறது. நாலாவது படம், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டுச் செல்போனை உள்ளே நீட்டி எடுத்தது. அதில்தான் விஷயம் இருக்கிறது. உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே இல்லை, ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்க்கிறது. சரி, பின்சக்கரத்தின் உள்பக்கப் படம் எங்கே? பின்சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பாது. தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும், அல்லது ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும். சட்டை அழுக்காகும் என்று விட்டுவிட்டாய். பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி அது. முன்னால் இந்தக் கதி என்றால் பின்னால் இதைவிட மோசமாக இருக்கும் என்பது என் பயம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் போய்ப் படுத்துப் பார்.

"போன வருஷம் போட்ட டயர் மாமா, மட்டமான சரக்கு" என்று எழுதியிருக்கிறாய். டயர் மேல் பழி போடாதே. ரப்பர் மட்டமாக இருந்தால் முழு அகலத்துக்கும் சீக்கிரம் தேயும், ஓர் ஓரத்தை மட்டும் தேடிப்போய்த் தேயாது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, அது எம்.ஆர்.எஃப். ஆன காலத்திலிருந்து இன்றைய ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் வரைக்கும் நம் மாநிலத்தில் டயருக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டு டயரும் கிடைக்கிறது. எதை வாங்கி மாட்டினாலும் உன் வண்டி இப்போது நிற்கிற நிலையில் அதை உள்பக்கமாகத்தான் தின்னும்.

நிலை என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். மகேந்திரா சிட்டி ஆலையில் 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ. கட்டுகிற 3 சீரிஸ் வண்டியை நீ செகண்ட் ஹேண்டில் வாங்கினாய். நல்ல வண்டி, ஓட்டத் தெரிந்தவனுக்காகச் செய்தது. வாங்கின சூட்டோடு ஸ்பிரிங்கை மாற்றி 4 செ.மீ. கீழே இறக்கினாய். இறக்கியதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. இறக்கிய மறுவாரமே அதை நீ மறந்துபோனதைத்தான் தப்பு என்கிறேன்.

வண்டியின் பாடிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற ஆர்ம்களை ஒரு தடவை கீழே குனிந்து பார். உன் வண்டியில் பின்பக்கம் ஒரு சக்கரத்துக்கு ஐந்து ஆர்ம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு முனையில் ரப்பர் புஷ்ஷில் பிடிபட்டு, அந்த இடத்தை மையமாக வைத்து மேலும் கீழும் ஆடும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பாடி இறங்கும்போது ஒவ்வொன்றும் தன்தன் வட்டத்தில் சுழல்கிறது. வட்டங்கள் ஒரே அளவில் இல்லாததால் சக்கரம் நேராக மேலே ஏறாமல் கொஞ்சம் சாய்ந்தும் கொஞ்சம் திரும்பியும் நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற சாய்வு கேம்பர். மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் கேம்பர். மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற திரும்பல் டோ. இரண்டு சக்கரங்களின் முன்விளிம்பும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன், விலகி நின்றால் டோ-அவுட்.

கம்பெனிக்காரன் இந்த இரண்டையும் பூஜ்யத்தில் வைப்பதில்லை. உன் வண்டியின் பின்சக்கரம் ஆலையிலிருந்து வரும்போதே ஒன்றரை டிகிரி அளவுக்கு உள்ளே சாய்ந்து, கொஞ்சம் டோ-இன்னோடுதான் வருகிறது. வேகத்தில் வால் ஆடாமல் இருக்க அது வேண்டும். நீ இறக்கிய 4 செ.மீ. அந்தச் சாய்வோடு இன்னும் ஒரு பங்கைக் கூட்டியிருக்கும், டோவையும் நகர்த்தியிருக்கும். முன்பக்கமும் அப்படித்தான்: டை ராடும் லோயர் ஆர்மும் வேறுவேறு கோணத்துக்குப் போனதும் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், திரும்புவது மட்டும் நிச்சயம்.

சக்கரத்தின் கோணங்களுக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பாய். இது மோட்டார் காரைவிட மூத்த விவகாரம், மாப்பிள்ளை. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறுவேறு கோணத்தில் திரும்ப வேண்டும் என்று வழி கண்டவர் மியூனிக்கில் கோச்சு வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கர். 1818-ல் லண்டனில் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை வாங்கிக்கொடுக்க, பெயர் ஆக்கர்மனுக்கே போய்விட்டது. உன் வண்டிக் கம்பெனியும் அதே மியூனிக்தான். இருநூறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்த கோணங்களை ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் கலைத்துவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறாய்.

இங்கேதான் எல்லோரும் தவறுகிற இடம் வருகிறது, நீயும் தவறியிருக்கிறாய். உள்விளிம்பு தேய்ந்தால் உடனே "கேம்பர்" என்பார்கள். உன் சிநேகிதர்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சந்தனக்கட்டையைக் கல்லில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும், கையை அசைக்காத வரை சந்தனம் வராது. அழுத்திக்கொண்டே இழுத்தால்தான் வரும். கேம்பர் அழுத்துகிற கை, டோ இழுக்கிற கை. நெகட்டிவ் கேம்பர் வண்டியின் பாரத்தை உள்விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறது. டோ அந்த விளிம்பை ரோட்டில் பக்கவாட்டில் இழுக்கிறது. டோ சரியாக இருந்தால் ஒன்றரை, இரண்டு டிகிரி கேம்பரோடுகூட டயர் நல்ல ஆயுளோடு ஓடும். டோ கெட்டுப்போனால் கேம்பர் கொஞ்சமாக இருந்தாலும் தின்றுவிடும்.

எவ்வளவு இழுக்கும் என்று நீயே கணக்குப் போடு, இன்ஜினியரிங் படித்தவன்தானே. ஒரு சக்கரம் போகிற திசையிலிருந்து கால் டிகிரி விலகி நிற்கிறது என்று வை. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு கிலோமீட்டர் உருளும்போது அது 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும். 100 கிலோமீட்டரில் 430 மீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து நம் ஊருக்கு ஒரு தடவை வந்து போனால் டயர் எத்தனை கிலோமீட்டர் தாரில் உரசியிருக்கும், பார்.

டோதான் காரணம் என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். வண்டி குளிர்ந்திருக்கும்போது உள்ளங்கையை டயரின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவிப் பார். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் மாதிரி முனைமுனையாகவும் தட்டினால் அது டோவின் வேலை. கம்பி தெரிகிற இடத்தில் மட்டும் கையை வைக்காதே, கிழித்துவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ சந்தேகப்படு. உன்னுடையது ரன்-ஃபிளாட் என்றால் ஒன்று சொல்கிறேன்: அதன் பக்கச்சுவர் கெட்டி, காற்று குறைந்தாலும் சப்பையாகத் தெரியாது. கண்ணை நம்பாமல் கேஜ் வைத்துப் பார்.

"நான்தான் அலைன்மென்ட் பார்த்தேனே மாமா, எல்லாம் பச்சையில் வந்ததே!" இதைச் சொல்வாய் என்று தெரியும். அந்தத் தாளைத் தேடி எடு. முதலில் தேதியைப் பார். ஸ்பிரிங் போட்ட அன்றே பார்த்தாயா? புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகுதான் தன் உயரத்துக்கு வந்து உட்காரும். அதற்கு முன்னால் எடுத்த அளவு வேறொரு வண்டியின் அளவு மாதிரி. அடுத்து, பின்சக்கரத்தின் கட்டங்களைப் பார். பல கடைகளில் முன்னால் டோவை மட்டும் திருப்பிவிட்டுப் பின்பக்கத்தைத் தொடுவதே இல்லை. நம் ஊர்ப்பக்கம் ஓடுகிற சின்னக் கார்கள் நிறையவற்றில் பின்னால் திருத்த ஒன்றுமே கிடையாது, அதனால் அந்தப் பழக்கம். உன் வண்டி அப்படியில்லை. பின்னால் கேம்பரும் டோவும் திருத்துவதற்கு மையம் விலகிய போல்ட்டுகள் இருக்கின்றன. வேலையைப் பின்னாலிருந்துதான் தொடங்க வேண்டும். பின்சக்கரங்கள் இடமும் வலமும் சமமாக நிற்காவிட்டால் வண்டி நண்டு மாதிரி ஓரமாக நடக்கும், அதை நேராக்க நீ ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியே பிடித்திருப்பாய். பொங்கலுக்கு வந்தபோது ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்ததை நான் பார்த்தேன். கேட்டதற்கு "ரோடு சரிவு மாமா" என்றாய். திருமயத்திலிருந்து அரிமளம் வரைக்கும் ஒரே பக்கமாகவா ரோடு சரிந்திருக்கிறது?

பச்சை என்பதும் ஒரு வரம்புதான். வரம்பின் இந்த ஓரமும் பச்சை, அந்த ஓரமும் பச்சை. இடது சக்கரம் ஓர் ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் நின்றாலும் கம்ப்யூட்டர் பச்சைதான் காட்டும். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் படி. இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது நிமிஷம். 60 நிமிஷம் ஒரு டிகிரி. அதைத் தசமம் என்று நினைத்துப் படித்துவிடாதே.

இன்னொன்று, ஆட்டம். புஷ் கிழிந்திருந்தால், பால் ஜாயின்ட்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் இருந்தால், எந்த மெஷினாலும் பயனில்லை. நிற்கும்போது ஒரு கோணம், பிரேக் பிடித்தால் ஒரு கோணம், குழியில் இறங்கினால் இன்னொரு கோணம். உன் வண்டியின் முன்பக்க டென்ஷன் ஸ்ட்ரட்டில் இருக்கிற பெரிய புஷ்ஷுக்குள் திரவம் நிரம்பியிருக்கும். அது கசிந்து கறை படிந்திருந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம், முதலில் அதை மாற்று. மாற்றும்போது மெக்கானிக் பக்கத்தில் நில். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழுசாக முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே உட்காரும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் பாரம் ஏறி வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. நல்ல மெக்கானிக்குக்கு இது தெரியும், அவசரத்தில் இருப்பவருக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டும்.

அப்புறம் உன் சிநேகிதன் சொன்னானாம், ரேஸ் கார் எல்லாம் சக்கரத்தைச் சாய்த்துத்தான் ஓடுகிறது என்று. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை, கோவைக் கரி ஸ்பீட்வே, 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஓடிய பந்தயம் வரைக்கும் சாய்த்துத்தான் ஓட்டுகிறார்கள், உண்மை. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது பாரம் தாங்குகிற டயர் சப்பென்று முழு அகலத்தில் ரோட்டில் உட்கார வேண்டும், அதற்குத்தான் அந்தச் சாய்வு. ஓடி முடித்து வந்ததும் டயரின் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் வெப்பம் அளந்து அடுத்த ஓட்டத்துக்குக் கோணத்தை மாற்றுவார்கள். அந்த டயர் பந்தயம் முடிகிற வரை தாங்கினால் போதும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் என்று கோடு போட்ட மாதிரி வருகிற ரோட்டில் உனக்கு எந்த வளைவு? அவர்கள் அளப்பதை மட்டும் பார்த்துப் பழகு. ஆழம் பார்க்கிற கேஜ் ஒன்று வாங்கி மாதம் ஒரு தடவை அதே மூன்று இடத்தில் பட்டன் ஆழத்தை எழுதிவை. உள்பக்கம் வேகமாகக் குறைகிறது என்று இரண்டாவது மாதமே தெரிந்துவிடும், கம்பி தெரிகிற வரை காத்திருக்க வேண்டாம்.

"டயரை இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாமா?" உன் வண்டியில் பின்டயர் அகலம், முன்னுக்கும் பின்னுக்கும் மாறாது. டயரில் அம்புக்குறி இருந்தால் இடமும் வலமும்கூட அப்படியே மாறாது. மாற்ற முடிந்தாலும் நோய் இடம் மாறுமே தவிரத் தீராது.

"இன்னும் ஒரு சுருள் வெட்டிவிட்டால் ஸ்டைலாக இருக்கும், செலவும் இல்லை" என்று யாரோ உன்னிடம் சொல்லியிருப்பதாக அக்கா சொன்னாள். கோபமாகவே சொல்கிறேன், அந்தப் பேச்சே வேண்டாம். வெட்டின ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும்போது இடம் விலகலாம். ஷாக் அப்சார்பருக்கு ஓட இடம் இல்லாமல் பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்து வேகத்தடைகள் உனக்குத் தெரியும். இந்திய சாலைக் காங்கிரஸ் 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் என்று மெதுவாக ஏறி இறங்குகிற மேடு சொல்லியிருக்கிறது. ஊருக்குள் நீ பார்ப்பது ஒரு அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கிற திண்டு. ஒவ்வொரு தடவை முட்டும்போதும் அந்த அடி புஷ்ஷுக்கும் ஜாயின்ட்டுக்கும் போகிறது, போன மாதம் திருத்திய கோணம் இந்த மாதம் இருக்காது. சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் வண்டிக்கு அடியில்தான் குனிவார்.

பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடு என்று நான் சொன்னால் கேட்க மாட்டாய். கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டால், இப்போது இருப்பதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாதே. புஷ், ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் பார்த்து ஆட்டம் இருப்பதை மாற்று. டயர் வாங்குகிற அன்றே அலைன்மென்ட் பார்க்கிற மாதிரி நாளைக் குறி. ரம்பமாகத் தேய்ந்த பழைய டயரை வைத்துக்கொண்டு திருத்தினால் சத்தமும் இழுப்பும் போகாது, திருத்தாமல் புது டயர் போட்டால் அதுவும் வீண். நாலு சக்கரத்தையும் அளக்கிற கடைக்கே போ. காற்றைச் சரியாக அடித்து, டிக்கியில் நீ சுமந்து திரிகிற சாமான்களை இறக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் உன் எடைக்கு மூட்டையோ ஆளோ உட்காரவைத்து அளக்கச் சொல். பின் கேம்பரை முடிந்தவரை கம்பெனி அளவுக்குக் கொண்டுவரச் சொல். போல்ட் கடைசி வரை திரும்பியும் வரவில்லை என்றால், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் விற்கிறார்கள், அதைப் போடு. டோவில் மட்டும் "பரவாயில்லை சார், பச்சைதான்" என்ற பேச்சைக் கேட்காதே, வரம்பின் நடுவே கொண்டுவந்து நிறுத்தச் சொல். கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கொடு. உன் வண்டியின் ஒரு டயர் விலையில் இந்த வேலையைப் பலமுறை செய்துகொள்ளலாம்.

கம்பெனியைப் பொறுத்தவரை, வண்டிக்குச் சொல்லியிருக்கிற அளவும் பாரக் குறியீடும் வேகக் குறியீடும் பொருந்துகிற எந்த நல்ல டயரும் போதும். பக்கச்சுவரில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கத்தில் இருக்கும், பழைய சரக்கை வாங்காதே. ஈர ரோட்டில் பிடிப்பு நன்றாக இருப்பதாகப் பெயர் எடுத்ததாகப் பார்.

ஈரம் என்றதும் கடைசியாக ஒன்று. ஐப்பசி வந்தால் நம் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. காருக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. உன் டயரில் பாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிற இடத்தில் அது பூஜ்யம். தேங்கின தண்ணீரை வெளியே தள்ள அங்கே பள்ளமே இல்லை. சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இருக்காது. கம்பி தெரிகிற டயர் வேகத்தில் எப்போது வெடிக்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. இந்த வாரம் ஊருக்கு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறாயாமே. வா, ஆனால் பஸ்ஸில் வா. வண்டியை இருக்கிற இடத்திலிருந்து டயர் கடைக்கு மட்டும், பகலில், மெதுவாக ஓட்டு. பின்னாலும் கம்பி தெரிந்தால் அந்தத் தூரமும் ஓட்டாதே, தூக்கிக்கொண்டு போகிற வண்டியைக் கூப்பிடு. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் தாளைப் படம் எடுத்து அனுப்பு. திருத்தியதற்கு முன் இருந்த எண்களும் அதில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா